மெரிட் ஸ்காலர்ஷிப்பில் படித்தவர்கள் இருபது வருடம் கழித்து எங்கே?

மீனாட்சிபுரத்துக்காரர், 2024 மே 18

பெண் பிளஸ் டூ முடித்துவிட்டாள். ஒரு சமய அமைப்பு நடத்தும் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்திலிருந்து ட்யூஷன் ஃபீஸில் முக்கால் பங்கு தள்ளுபடி என்று கடிதம் வந்திருக்கிறது. வீட்டில் லட்டு வாங்கிக் கொடுத்தாகிவிட்டது. எனக்கு மட்டும் உறுத்தல். நான் பார்த்தவரை மெரிட்டில் போன பிள்ளைகள் யாரும் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. காசு கட்டிப் படித்தவன்தான் மேலே போயிருக்கிறான். தப்பென்றால் சொல்லுங்கள்.

வேலந்தாவளத்தான், மே 18, இரவு 10.40

தப்புங்க. ஆனால் முழுத் தப்பு இல்லை. அந்த ‘ஒன்றும் ஆகாத’ ஆட்களில் நானும் ஒருவன், அதனால் சொல்ல உரிமை உண்டு.

2004. கேரள எல்லையில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு, ஒரு ராத்திரி ரயில் தூரத்தில் இருந்த ஒரு பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வு எழுதினேன். இருபது பேருக்கு முழு ட்யூஷன் தள்ளுபடி. பட்டியலில் நான் இருபதாவது. வருடம் 42,000 ரூபாய் மிச்சம். எந்த மதத்தின் பல்கலைக்கழகம் என்று கேட்காதீர்கள். காலை ஐந்தே காலுக்கு மணி அடிப்பார்கள், அவ்வளவுதான் சொல்வேன்.

இருபத்தொன்றாவது ஆள் நகரிக்காரன். ஆந்திராவில் இருக்கிற நகரி. அப்பா விசைத்தறி. அவனும் வீட்டில் தமிழ், ஆனால் பள்ளியில் வேறு எழுத்து. விடுதியில் அவனையும் என்னையும் ஒரே அறையில் போட்டார்கள். நான் இலவசம், அவன் பேங்க் லோன். இடையில் ஒரே ஒரு மார்க்.

இன்றைக்கு அவன் பெங்களூரில் என் சம்பளத்தைப் போல மூன்று மடங்கு வாங்குகிறான். நான் ஒரு வங்கியில் எல்லைக் கிளையில் அதிகாரி. கல்விக் கடன் ஃபைல்கள் என் மேசையில்தான் வரும். சிரிக்கலாம்.

மே 19

காலையில் எழுந்தால் நகரிக்காரனிடமிருந்து குரல் செய்தி. ‘டேய், 42,000 இல்லடா, 38,500. வட்டியோட கட்டினவன் நான், எனக்குத் தெரியாதா?’ திருத்திக்கொள்கிறேன். கட்டாதவனுக்கு ஞாபகம் எப்போதும் பெரிய எண்ணாகத்தான் நிற்கும் போல.

எந்தப் பல்கலைக்கழகம் என்று ஊகித்து எழுதிய ஏழு பேரும் தவறு.

மே 20

ஆந்திரச் சித்தூர் அண்ணன் இங்கே கேட்டது நல்ல கேள்வி. மெரிட் பிள்ளை ஏற்கெனவே கெட்டிக்காரன், அவன் நன்றாக வந்தால் அது ஸ்காலர்ஷிப்பின் வேலையா, அவன் மூளையின் வேலையா?

இதைப் பிரித்துப் பார்க்க ஒரே வழி, கட்-ஆஃப் கோட்டுக்கு ஒரு நூல் மேலே நின்றவனையும் ஒரு நூல் கீழே நின்றவனையும் ஒப்பிடுவது. முதல் ரேங்க்காரனையும் ஐந்நூறாவது ரேங்க்காரனையும் வைத்துப் பேசினால் ஒன்றும் தெரியாது. இருபதும் இருபத்தொன்றும் கிட்டத்தட்ட ஒரே ஆள்தானே. இந்த முறையையே முதன்முதலில் செய்து காட்டியது ஒரு ஸ்காலர்ஷிப் ஆய்வுதான். 1960ல் அமெரிக்காவில் திசில்த்வெயிட், கேம்பல் என்ற இருவர். அங்கே நேஷனல் மெரிட் போட்டியில் கோட்டைத் தாண்டியவர்களுக்குப் பெயர் வெளியிட்டுச் சான்றிதழ், சற்றுக் கீழே நின்றவர்களுக்கு ஒரு பாராட்டுக் கடிதம் மட்டும். சான்றிதழ் வாங்கியவர்களுக்குப் பிறகு வேறு உதவித்தொகைகள் கிடைப்பது கூடியது. ஆனால் மேலே என்ன படிக்க வேண்டும், என்ன ஆக வேண்டும் என்ற அவர்கள் திட்டத்தில் மாற்றம் எதுவும் தெரியவில்லை.

எனக்கு இது தெரிந்தபோது வயது முப்பத்தைந்து. நானும் நகரிக்காரனும் நான்கு வருடம் ஒரே மின்விசிறிக்குக் கீழே நடத்தியது அதே ஆய்வுதான். எழுதி வைக்கத்தான் ஆளில்லை.

மே 20, மறுபடியும்

மத அமைப்பு என்பதால் என்ன வித்தியாசம் என்று கேட்டவருக்கு: கொடுக்கிற பணம் காணிக்கைப் பணம், அதனால் கொடுக்கிற விதமும் இடத்துக்கு இடம் மாறும். புட்டபர்த்தி சாய்பாபா பல்கலைக்கழகத்தில், 1981ல் நிகர்நிலை ஆனதிலிருந்து யாருக்குமே ட்யூஷன் ஃபீஸ் கிடையாது. அங்கே இருபது, இருபத்தொன்று என்ற பேச்சே இல்லை, கோடு வாசலில்தான். அமெரிக்காவில் மார்மன் சபை நடத்தும் பிரிகம் யங் பல்கலைக்கழகத்தில் சபை உறுப்பினருக்கு ஒரு கட்டணம், வெளியாளுக்கு அதைப்போல இரண்டு பங்கு. வேலூர் சிஎம்சி (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) வேறு ரகம். சபை பரிந்துரைத்து அனுப்புகிறது, படித்து முடித்தவர் மிஷன் ஆஸ்பத்திரியில் சில வருடம் வேலை செய்து கொடுக்க வேண்டும். அங்கே ‘பிற்காலத்தில் என்ன ஆனார்’ என்பதில் ஒரு பகுதி முன்னாலேயே எழுதிக் கையெழுத்தாகிவிடுகிறது.

எங்களுடையதில் பாண்ட் இல்லை. ஒரே நிபந்தனை: ஒவ்வொரு வருடக் கடைசியிலும் சிஜிபிஏ, அதாவது மொத்தச் சராசரி, பத்துக்கு 7.5, அரியர் கூடாது.

மே 22

அந்த 7.5 பற்றித்தான் சொல்ல வந்தேன், நடுவில் வேலூர் போய்விட்டேன்.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 1993ல் ‘ஹோப்’ என்று ஒரு மெரிட் ஸ்காலர்ஷிப் தொடங்கினார்கள். பணம் லாட்டரியிலிருந்து. (எங்களூரில் இதைச் சொன்னால் யாரும் வியக்கமாட்டார்கள். 1967லேயே கேரளா அரசு லாட்டரி தொடங்கிவிட்டது. தமிழ்நாட்டில் 2003ல் தடை வந்த பிறகு வேலந்தாவளத்தில் டீக்கடையைவிட லாட்டரிக் கடை அதிகம். அந்தப் பணத்தில் பாதியாவது பொள்ளாச்சிக்காரர் பணமாகத்தான் இருக்கும்.) அங்கே ஸ்காலர்ஷிப்பைத் தக்கவைக்கக் குறிப்பிட்ட கிரேடு வேண்டும். பிள்ளைகள் என்ன செய்தார்கள்? ஒரு பருவத்தில் எடுக்கும் பாடங்களைக் குறைத்தார்கள், கஷ்டமானதிலிருந்து பாதியில் விலகினார்கள், சிலதைக் கோடை வகுப்புக்குத் தள்ளினார்கள்.

நான் செய்ததும் அதேதான். மூன்றாம் வருடம் சிக்னல் ப்ராசஸிங் விருப்பப் பாடம். கணக்கு என்றால் எனக்கு உயிர், அந்தப் பாடமே கணக்குதான். பெயர் கொடுத்துவிட்டு மறுநாள் காலை ஆபீசுக்குப் போய்ப் பெயரை அடித்துவிட்டு வந்தேன். அந்த வாத்தியார் கையில் எட்டு வாங்கியவர்களை விரல் விட்டு எண்ணலாம். அப்போது என் கையில் இருந்தது 7.61. பதிலாக எடுத்தது ‘தொழில்துறை மேலாண்மை’. பதினெட்டு பக்க ஜெராக்ஸ், அதில் நான்கு பக்கம், மனிதனின் தேவைகளை அடுக்கிக் காட்டும் மாஸ்லோவின் முக்கோணம். எனக்கு 9.

நகரிக்காரனுக்கு இழக்க ஒன்றுமில்லை, லோன்காரன். சிக்னல் ப்ராசஸிங்கில் ஆறு வாங்கினான். ராத்திரி இரண்டு மணிக்குப் பேப்பரில் சைன் அலை வரைந்துகொண்டிருப்பான். நான் மாஸ்லோவை மனப்பாடம் செய்துவிட்டுப் படுத்துவிடுவேன்.

அந்த ஆறுதான் இன்றைக்கு அவனுக்குச் சோறு போடுகிறது.

மே 22, சாப்பிட்ட பிறகு

‘அப்போ ஸ்காலர்ஷிப்பே கெடுதல் என்கிறீர்களா?’ என்று உடனே ஒருவர். அப்படிச் சொல்லவில்லைங்க. நிபந்தனை என்னைப் படிக்க வைத்தது என்பதும் உண்மை. மேற்கு வர்ஜீனியாவில் ‘ப்ராமிஸ்’ என்ற ஸ்காலர்ஷிப்பை ஜூடித் ஸ்காட்-கிளேட்டன் என்பவர் ஆராய்ந்து 2011ல் எழுதினார். புதுப்பிக்கத் தேவையான கோட்டுக்குப் பக்கத்தில்தான் மாணவர்கள் மும்முரமாக இருக்கிறார்கள். கடைசி வருடம், புதுப்பிக்க ஒன்றுமில்லாதபோது, அந்த மும்முரம் காணாமல் போகிறது. நான்காம் வருடம் ஐந்தே கால் மணிச் சத்தத்தில் நான் புரண்டுகூடப் படுத்ததில்லை. அந்த அம்மா மேற்கு வர்ஜீனியாவுக்குப் போயிருக்க வேண்டாம், எங்கள் மூன்றாம் மாடிக்கு வந்திருக்கலாம்.

மே 26

2008. இருவருக்கும் கேம்பஸில் ஒரே கம்பெனி. அமெரிக்காவில் வங்கிகள் கவிழ்ந்ததும் சேரும் தேதி தள்ளிப்போனது. டிசம்பர் என்றார்கள், அப்புறம் மார்ச், அப்புறம் மின்னஞ்சலுக்குப் பதிலே இல்லை.

அன்றைய விதிப்படி கல்விக் கடனில் படிப்பு முடிந்து ஒரு வருடம், அல்லது வேலை கிடைத்து ஆறு மாதம், இதில் எது முதலில் வருகிறதோ அப்போது தவணை தொடங்கும். வங்கியில் சேர்ந்த பிறகு இந்த வரியை நான் தினமும் நான்கு பேருக்காவது சொல்லியிருக்கிறேன். அன்று அதை நகரிக்காரன் காலண்டரில் சிவப்பு மையில் வட்டமிட்டு வைத்திருந்தான். காத்திருக்க முடியாது. பெங்களூரில் எம்பெடட் வேலை, அதாவது கருவிகளுக்குள் ஓடும் மென்பொருள் வேலை, செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில், பதினோரு பேர், மாதம் 9,000 ரூபாய்க்குச் சேர்ந்தான். நேர்முகத்தில் கேட்டது சிக்னல் ப்ராசஸிங்.

எனக்குக் கடன் இல்லை. காத்திருந்தேன். பதினொரு மாதம். காலையில் அப்பாவோடு பால் சொசைட்டிக்கு கேன் தூக்கிக்கொண்டு போவேன், பகலில் வங்கித் தேர்வுக்குப் படிப்பேன். கிளார்க் தேர்வில் தேறினேன். கம்பெனியிலிருந்து கடைசியில் கடிதம் வந்தபோது வங்கியில் எனக்குப் பெயர்ப் பலகையே வந்துவிட்டது.

ஆக என் தீர்ப்பு: கடன் அவனைத் தள்ளியது, இலவசம் என்னை உட்கார வைத்தது. மீனாட்சிபுரத்துக்காரர் சொன்னது பாதி சரி.

(ஜூன் 23 குறிப்பைப் படித்துவிட்டு இதற்கு வாருங்கள். இந்தத் தீர்ப்பை நான் வாபஸ் வாங்கிவிட்டேன்.)

ஜூன் 2

அந்த இருபது பேரும் எங்கே என்று எல்லோரும் கேட்கிறீர்கள். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் பதினான்கு பேர் இருக்கிறோம். அதில் பெரும்பாலோர் அமெரிக்கா, கனடா, பெங்களூர். பார்த்தால் ஸ்காலர்ஷிப் வெற்றிதான். ஆனால் மீதி ஆறு பேர் ஏன் குழுவில் இல்லை? நன்றாக இருப்பவன்தான் பழைய நண்பர் குழுவில் சேருவான். ஒருவனை மூன்றாம் வருடம் பட்டியலிலிருந்து எடுத்தார்கள், 7.46. அவனைப் பற்றி அதன் பிறகு யாருக்கும் செய்தி இல்லை. எனக்கு 7.61. அவனுக்கும் எனக்கும் இடையில் ஒரு ஜெராக்ஸ் கட்டு.

ஒருவன் அங்கேயே துறவியாகிவிட்டான். கேம்பஸ் பிளேஸ்மென்ட் என்றால் அதுதான்.

2018ல் பழைய மாணவர் விழாவுக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். மேடையில் நான்கு நாற்காலி. சான் ஹோசேக்காரனுக்கு ஒன்று, மருத்துவக் கருவி கம்பெனி வைத்தவனுக்கு ஒன்று. என்னிடம் மைக் கொடுத்த பையன் சீட்டைப் பார்த்து ‘வங்கி’ என்று வாசித்துவிட்டு, ‘உலக வங்கியா சார்?’ என்றான். ‘வாளையார் ரோடு கிளை’ என்றேன். கீழே இரண்டாவது வரிசையில் உட்கார வைத்தார்கள். விழா மலரில் சான் ஹோசே முழுப் பக்கம். அப்படித்தான் ‘சாதனையாளர்கள்’ பட்டியல் உருவாகிறது. மலரை வைத்து யாரும் முடிவெடுக்காதீர்கள்.

ஜூன் 3

21வது ஆட்களுக்கு ஆறுதலாக ஒன்று. 1921ல் கலிபோர்னியாவில் லூயிஸ் டெர்மன் என்ற உளவியல் பேராசிரியர் அதிபுத்திசாலிக் குழந்தைகள் என்று ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல் பொறுக்கி, வாழ்நாள் முழுதும் பின்தொடர ஒரு ஆய்வு தொடங்கினார். சோதனையில் மார்க் போதாமல் வெளியே அனுப்பப்பட்டவர்களில் வில்லியம் ஷாக்லியும் லூயிஸ் அல்வாரெஸும் இருந்தார்கள். இருவருக்கும் பின்னாளில் இயற்பியல் நோபல், 1956லும் 1968லும். பொறுக்கி எடுத்தவர்களில் ஒருவருக்கும் நோபல் வரவில்லை.

நகரிக்காரனுக்கு அனுப்பினேன். ‘எனக்கு நோபல் வேண்டாம், அப்ரைசல் போதும்’ என்று பதில்.

ஜூன் 9

இந்த வாரம் ஊருக்குப் போயிருந்தேன். அப்பாவின் நீள நோட்டு இன்னும் அலமாரியில் இருக்கிறது. ஒரு பக்கம் பால் கணக்கு, எத்தனை லிட்டர், கொழுப்பு எவ்வளவு. எதிர்ப்பக்கம் வீட்டுச் செலவு. 2004 ஜூலைப் பக்கத்தில் பென்சிலில் ‘பெரியவன் காலேஜ் – 0’ என்று இருக்கிறது. கீழே ‘ஆஸ்டல் 9,200’. பூஜ்யத்தையும் எழுதி வைத்திருக்கிறார் மனுஷன். 2005ல் பூஜ்யம். 2006ல் பூஜ்யம், அதற்கு அடுத்த வரி: ‘பாப்பா நர்சிங் – 35,000’.

அந்த இரண்டு வரியை அடுத்தடுத்துப் பார்த்தபோது எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

தங்கை 2006ல் பிளஸ் டூ முடித்தாள். என் ஃபீஸ் கட்ட வேண்டியிருந்தால் அவளைச் சித்தூர் அரசு கல்லூரிக்குத்தான் அனுப்பியிருப்பார்கள். (கேரளச் சித்தூருங்க, ஆந்திர அண்ணன் கோபிக்க வேண்டாம். 1947ல் தொடங்கிய நல்ல கல்லூரி, தமிழ்த் துறையே இருக்கிறது. ஆனால் அவளுக்கு நர்சிங் மேல்தான் ஆசை.) பி.எஸ்சி. நர்சிங் முடித்து 2012ல் ரியாத் போனாள். அப்புறம் இங்கிலாந்து. 2015ல் எழுந்த வீட்டின் ஒவ்வொரு செங்கல்லும் அவள் பணம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் அவள் பணம். என் கல்யாணச் செலவில் பாதிகூட, சொல்ல வெட்கமில்லை, அவள் பணம்.

இருபது வருடமாக ஸ்காலர்ஷிப் என்னை என்ன ஆக்கியது என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். அது போய் விழுந்த இடம் பக்கத்து அறை.

கானாவில் 2008ல் எஸ்தர் டுஃப்லோ, பாஸ்கலின் டுபா, மைக்கேல் கிரெமர் மூவரும் ஓர் ஆய்வு தொடங்கினார்கள். உயர்நிலைப் பள்ளியில் இடம் கிடைத்தும் காசில்லாமல் நின்ற 2,064 பேரில் 682 பேருக்குக் குலுக்கலில் ஸ்காலர்ஷிப். (இது மெரிட் இல்லை, இதுவும் லாட்டரிதான், பொள்ளாச்சிக்காரர்கள் கவனிக்க.) பின்தொடர்ந்து பார்த்தால், ஸ்காலர்ஷிப் வாங்கிய பெண்களின் குழந்தைகள் அறிவுத்திறன் சோதனைகளில் நன்றாகச் செய்கிறார்கள். வாங்கியவளோடு நிறுத்தியிருந்தால் இது கண்ணிலேயே பட்டிருக்காது.

அம்மாவிடம் நோட்டைக் காட்டினேன். ‘இது இப்பத்தான் உனக்குத் தெரியுதாக்கும்’ என்றுவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டாள்.

ஜூன் 23

நகரிக்காரனிடம் இதைச் சொல்லப் போன் செய்தேன். வழக்கமாகக் கிண்டல் செய்கிறவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னான்.

அவனுக்கு ஒரு தம்பி. 2006ல் இன்டர் (ஆந்திராவில் பிளஸ் டூ) முடித்தவன், என் தங்கை வயது. ஆந்திர நுழைவுத் தேர்வான எம்செட் எழுதினான், சுமாரான ரேங்க். அண்ணன் பெயரில் ஏற்கெனவே லோன், மாமா ஜாமீன் போட்டிருந்தார், இரண்டாவது லோனுக்கு அவர் வரமாட்டேன் என்றுவிட்டார். திருப்பதியில் வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தில் சேர்த்துவிடலாம் என்று சித்தி சொல்லிப் பார்த்தாள். தறியில் ஆள் குறைவு. தம்பி தறியில் உட்கார்ந்தான். இன்றும் அங்கேதான்.

‘நீ அந்த இருபதாவது இடத்தை வாங்கினதால என் தம்பி தறியில இருக்கான்னு நான் ஒருநாளும் நினைச்சதில்லடா. நினைக்கலன்னு இப்பதான் தெரியுது’ என்றான்.

மே 26ல் ‘கடன் அவனைத் தள்ளியது’ என்று தத்துவம் பேசியிருந்தேன். தள்ளியதுதான். 9,000 சம்பளத்தில் நாலாயிரத்துச் சொச்சம் தவணை. 2015 வரை வருடத்துக்கு ஒருமுறைதான் ஊருக்கு வந்தான், வந்தாலும் தம்பி முகத்தைப் பார்க்கத் தயங்கினான். இதை எல்லாம் கணக்கில் சேர்க்காமல் அவன் சம்பளம் மூன்று மடங்கு என்று எழுதிய என்னை என்ன சொல்வது. அவனே ‘போச்சாது விடு’ என்றான். பரவாயில்லை என்று அர்த்தம். எங்கள் ஊர் வார்த்தை, என்னிடம் கற்றுக்கொண்டது.

ஒரே மார்க். எங்கள் வீட்டில் பக்கத்து அறையில் ஒருத்தி நர்ஸ். அவர்கள் வீட்டில் பக்கத்து அறையில் ஒருவன் தறிக்காரன்.

ஜூலை 7

மீனாட்சிபுரத்துக்காரர் தனியாகக் கேட்டார், ‘கதை எல்லாம் சரி, நான் சேர்க்கவா வேண்டாமா?’ நியாயம்தான்.

பல்கலைக்கழக ஆபீசில் இரண்டு எண் கேளுங்கள்: நான்கு வருடம் முன்பு இந்தத் தள்ளுபடியில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், அவர்களில் இறுதி வருடம் எத்தனை பேரிடம் அது இருந்தது. மழுப்பினால் இரண்டாவது எண் சின்னது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வருடம் தவறினால் அடுத்த வருடம் மீட்க முடியுமா என்று எழுத்தில் வாங்குங்கள். முக்கால் பங்கு தள்ளுபடி என்பது ட்யூஷனில் மட்டும். விடுதியும் சாப்பாடும் அதே அளவு வரும் இடங்கள் உண்டு.

இன்னொன்று. இதைவிட நல்ல கல்லூரியில் அவளுக்கு இடம் இருந்தால், தள்ளுபடிக்காக மட்டும் அதை விடாதீர்கள். மாசசூசெட்ஸில் ஆடம்ஸ் ஸ்காலர்ஷிப் வாங்கியவர்களைக் கோட்டுக்கு மேலே, கீழே என்று பிரித்து கோஹோட்ஸ், குட்மேன் இருவரும் 2014ல் எழுதியது இதைத்தான்: பணத்துக்காகச் சற்றுத் தாழ்ந்த கல்லூரிக்குப் போனவர்களில் பட்டம் முடித்தவர்கள் குறைந்துபோனார்கள்.

அப்புறம், அவளுக்குத் தம்பி தங்கை உண்டா? நீங்கள் எழுதவே இல்லை.

ஜூலை 8

ஒரு தம்பி, பத்தாம் வகுப்பு என்கிறார். அப்படியானால் சேர்த்துவிடுங்கள். ஆனால் மிச்சமாகிற பணத்தை அவன் பெயரில் தனியாகப் போடுங்கள், இல்லாவிட்டால் கிணறு வெட்டப் போய்விடும். நான் வங்கிக்காரன், கிணற்றுக்கும் லோன் தருவோம்.

2025 ஜனவரி 19

இழை செத்துப்போயிருக்கும் என்று நினைத்தேன், இன்னும் கேள்வி வருகிறது. கடன் பக்கம் புதியது ஒன்று: 2024 நவம்பரில் பிஎம் வித்யாலக்ஷ்மி திட்டத்துக்கு ஒப்புதல் வந்தது. தரவரிசையில் மேலே உள்ள நிறுவனங்களில் (தொடக்கத்தில் 860) சேர்ந்தால் அடமானமும் ஜாமீனும் இல்லாமல் கடன். நகரிக்காரனின் மாமாவைக் கெஞ்ச வேண்டியிருக்காது. 2006க்கு இது வந்திருந்தால் என்று யோசிப்பதை விட்டுவிட்டேன்.

மீனாட்சிபுரத்துப் பெண் முதல் பருவத்தில் 8.2. எந்தப் பாடம் பிடித்திருக்கிறது என்று கேட்கச் சொன்னேன். அப்பா மார்க்கை மட்டும்தான் கேட்டிருக்கிறார்.

2025 மார்ச் 9

நகரித் தம்பி போன் செய்தான். அவன் மகள் எட்டாவது. ஏழைப் பிள்ளைகளுக்கு மத்திய அரசு தரும் என்எம்எம்எஸ் என்ற மெரிட் உதவித்தொகைத் தேர்வில் தேறிவிட்டாள், ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை வருடம் 12,000. பின்னால் மின்தறிச் சத்தம், பாதிப் பேச்சு கேட்கவில்லை. சிக்கல் என்னவென்றால், பள்ளிப் பதிவில் ஆந்திர வழக்கப்படி வீட்டுப் பெயர் முன்னால், ஆதாரில் தமிழ் வழக்கப்படி வெறும் இனிஷியல், பாஸ்புக்கில் மூன்றாவதாக ஒரு எழுத்துக்கூட்டல். இப்படி இருந்தால் பணம் ஏறாது.

ஆதாரை முதலில் பள்ளிப் பதிவுக்கு ஏற்ப மாற்று, அதை வைத்துக்கொண்டு பாஸ்புக்கை மாற்று, வரிசை மாறினால் இரண்டு தடவை அலைய வேண்டும் என்று சொன்னேன். நேற்றே போயிருக்கிறான், இரண்டாவது சனிக்கிழமை, வங்கி லீவு. நாளைக்குப் பத்து மணிக்கு மகளையும் கூட்டிக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறேன், அவள் கையெழுத்தும் வேண்டும்.